தலைக்கு வேலை இருக்கும்போது காலுக்கும் கொஞ்சம் வேலை

மாதம் 20ஆம் தேதி ஈரோட்டில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக்கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், பர்ச்சேஸ் கணக்கு, சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்துப் போர்ட்டல் காட்டும் 2பி பட்டியலோடு ஒட்டாது, திரையைப் பார்க்கிறவரின் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். திருப்பூரில் காஸ்டிங் ஷீட் என்ற அடக்கவிலைத் தாளோடு மல்லுக்கட்டும், ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரும், கோவை சரவணம்பட்டியில் பிழை தேடும் புரோகிராமரும் இதே கோலத்தில்தான் இருப்பார்கள். மேசைக்கு மேலே ஆளுக்கு ஒரு வேலை. மேசைக்குக் கீழே மூவருக்கும் ஒன்றுமே நடப்பதில்லை.

கோளாறு அங்கேதான். தோட்டத்து வரப்பில் பாம்பைக் கண்டால் உடம்பு என்ன ஏற்பாடு செய்யுமோ, அதே ஏற்பாட்டைத்தான் ஒட்டாத கணக்கைக் கண்டாலும் செய்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் ஏறும். துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் கூடும், ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். இன்னொரு நெருக்கடிச் சுரப்பான கார்டிசோல் இன்னும் நிதானமாக ஏறி, 20 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தைத் தொடும். இத்தனையும் ஓடப்போகிற காலுக்காக. கால் ஓடுவதில்லை. 3 மணி நேரம் மடங்கியே கிடக்கிறது.

மேசைக்கடியில் காலை லேசாக அசைப்பதால் கணக்கு ஒட்டிவிடாது, முதலாளி அமைதியாகிவிட மாட்டார். தேங்கும் ரத்தம் நகரும், மதியத் தூக்கம் தள்ளிப்போகும், பொழுது சாயும்போது கழுத்து கல்லாக இறுகுவது குறையும். எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன வாரம் 150 நிமிட நடை மாதிரியான மிதமான உழைப்புக்கு இது ஈடாகாது. அந்தக் கணக்கு தனி.

முதலில் நாற்காலி

இருக்கை சரியில்லாமல் செய்தால் எந்த அசைவும் வலியில் போய் முடியும். முதுகை ஒட்டி உட்கார்ந்த பிறகு, முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் நடுவே 2, 3 விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி, 20 நிமிடத்தில் கால் மரத்துப்போகும். பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணமாக மடங்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். அலுவலக மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். கை மேசைக்குச் சமமாக வர வேண்டும் என்று குள்ளமானவர் நாற்காலியை ஏற்றினால் கால் அந்தரத்தில் தொங்கும். நாற்காலியை இறக்காதீர்கள், காலுக்கடியில் ஏற்றுங்கள். நாட்டுச் செங்கல்லைப் படுக்க வைத்தால் சுமார் 3 அங்குலம் கிடைக்கும். நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று வைத்து மேலே ஒரு பலகை போட்டால் போதும், இதற்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பலகை ஆடினால் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள்.

குதிகால் தூக்கல்

பழகுவதற்கு எளிது, பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியாது. கால் தையல் மெஷின் மிதித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, ஏறக்குறைய அதே கணுக்கால் ஆட்டம்தான்.

பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வையுங்கள், அல்லது 2 அங்குலம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். விரல்களும் முன்பாதமும் தரையில் ஊன்றியிருக்க, குதிகாலை மட்டும் போகிற வரைக்கும் தூக்குங்கள். மேலே ஒரு கணம் நிறுத்தி, பிடியை விட்டுவிடுங்கள், அது தானாக விழட்டும். ஒரு தூக்கலுக்கு 2 நொடி, நிமிடத்துக்கு 30. இப்படி 3 அல்லது 4 நிமிடம். இரண்டு காலையும் சேர்த்தும் செய்யலாம், மாற்றி மாற்றியும் செய்யலாம்.

நிறையப் பேர் செய்யும் தவறு, குதிகாலுக்குப் பதில் தொடையைத் தூக்குவது. அப்போது வேலை இடுப்புத் தசைக்குப் போகிறது. கெண்டைக்கால் சும்மா இருக்கும், கொஞ்ச நேரத்தில் அடிமுதுகு பிடிக்கும். சோதித்துப் பார்க்க, கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூக்குங்கள். ஒவ்வொரு தடவையும் சதை உருண்டு கெட்டியாக வேண்டும். கெட்டியாகவில்லை என்றால் முன்பாதத்தைத் தரையில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தூக்குங்கள். சதை இழுத்துப் பிடித்தால் பாதம் அளவுக்கு மீறிப் பின்னால் போயிருக்கலாம். காலை முன்னால் நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் மடக்கி அரை நிமிடம் வைத்தால் விட்டுவிடும்.

உட்கார்ந்த நிலையில் இங்கே அதிகம் உழைப்பது கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசை. சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கிய ரத்தத்தை மோட்டார் போல மேலே தள்ளும், லேசில் களைக்காது. 2022இல் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில் இந்தத் தசையை மட்டும் இயக்கியவர்களுக்கு, குளுக்கோஸ் குடித்த பிறகு ஏறும் சர்க்கரை நன்றாகவே குறைந்தது. அதைக் காட்டி வீடியோ போடுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அங்கே தசையின் மின் சைகையை அளந்து பார்த்துப் பயிற்சி கொடுத்து, மணிக்கணக்கில் செய்ய வைத்தார்கள். 4 நிமிடம் தூக்கிவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

காலாட்டுவது பற்றி

"காலாட்டாத கண்ணு, ஊட்டுக்கு ஆகாது" என்று அம்மிச்சி அதட்டாத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? ஆனால் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2016இல் 11 இளைஞர்களை 3 மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு காலை 1 நிமிடம் ஆட்டி 4 நிமிடம் நிறுத்த வேண்டும், மற்றதை அசைக்கவே கூடாது. அசையாத காலில் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியின் விரியும் திறன் குறைந்துபோனது. ஆட்டிய காலில் அது குறையவில்லை, கூடியிருந்தது.

ஆக, 5 நிமிடத்துக்கு ஒரு தடவை 1 நிமிடம் ஆட்டலாம். ஆனால் பொது மேசையில் ஆட்டினால் எதிரில் இருப்பவரின் திரையும் சேர்ந்து ஆடும், அவருடைய இறுக்கம் கூடும். முழங்கால் மேசைக்காலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருந்தால் குதிகால் தூக்கலே மரியாதை.

பெடல்

உட்கார்ந்தபடி சைக்கிள்போல மிதிக்க மேசைக்கடியில் வைக்கும் சின்னப் பெடலை வாங்கிவிட்டு ஒரே மாதத்தில் பரணில் போடுகிறவர்கள்தான் அதிகம். காரணங்கள் மூன்றும் முன்கூட்டியே தெரிந்தவை.

முதலாவது, முழங்கால் மேசையில் இடிப்பது. வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாதத்துக்கடியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வையுங்கள். பெடல் மேல்சுற்றில் வரும்போது கால் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். முழங்காலுக்கும் மேசையின் அடிப்பலகைக்கும் இடையே 4 விரல் இல்லை என்றால் அந்த மேசைக்குப் பெடல் ஒத்துவராது. கீபோர்டுக்குத் தனி இழுப்பறை இருந்தால் அதன் அடியிலிருந்து அளக்க வேண்டும், இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, நாற்காலி பின்னால் ஓடுவது. காலால் தள்ளத் தள்ள, உருளை வைத்த நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அதைத் தடுக்க வயிற்றையும் தொடையையும் இறுக்கிப் பிடிப்பீர்கள், தளர வேண்டிய உடம்பு இன்னும் இறுகும். பெடலின் முன்காலிலிருந்து நாற்காலியின் நடுத்தண்டுக்கு ஒரு பட்டை நாடாவை இழுத்துக் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பெடலுக்கடியில் பழைய கார் ரப்பர் மேட்டைப் போடுங்கள். உருளை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் கவலை இல்லை, பெடலுக்கு அதுவே தோது.

மூன்றாவது, வேகம். பெடல் என்றதும் போட்டிக்கு மிதிப்பதுபோல மிதிக்கிறார்கள். பிடிமானத்தைக் கூட்டும் திருகை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். வலது கால் 15 நொடியில் 10 முதல் 12 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 40 முதல் 48. மூச்சு முட்டாமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், நெற்றி வேர்க்கக் கூடாது. வேர்த்தால் அது உடற்பயிற்சி. நல்லதுதான், ஆனால் தலைவேலையோடு சேராது. ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம் போதும். விலை குறைந்த பெடல்களில் பட்டை உரசித்தான் பிடிமானம் கொடுக்கும். 15 நிமிடத்துக்கு மேல் மிதித்தால் அந்தப் பாகம் சூடாகும், நிறுத்தியதும் அதைத் தொடாதீர்கள். கீச்சென்று சத்தம் வந்தால் பெடலின் அச்சு மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு விடுங்கள். உரசும் பட்டையில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. பட்டால் வழுக்கும், சூடேறியதும் நாறும்.

எந்த வேலையின்போது மிதிக்கலாம் என்பதில்தான் சூட்சுமம். மெயில் படிக்கும்போது, ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வவுச்சர் சரிபார்க்கும்போது, ஃபைல் ஏறும் வரை காத்திருக்கும்போது மிதிக்கலாம். கணினியில் கேட் (CAD) வரைபடத்தில் கோடு இழுக்கும்போதும், எக்செல்லில் சின்னச் சின்னக் கட்டங்களில் எண் அடிக்கும்போதும் கூடாது. இடுப்பு ஆடினால் மவுஸ் பிடித்த கையும் ஆடும். நடைப்பட்டை (டிரெட்மில்) மேசையோடு ஒப்பிட்டால் பெடலில் இந்தத் தொந்தரவு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போதும் நிறுத்திவிடுங்கள். கால் தாளத்தில் ஓடுவது பழகிய வேலைக்குத் துணை, பழகாத வேலைக்கு இடைஞ்சல்.

சென்னிமலையிலும் பவானியிலும் குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளரின் கால் மிதியை விட்டு நகர்வதில்லை. கண் நூலில், கை நாடாவில், கால் மிதியில். உட்கார்ந்த வேலை என்றாலே கால் செத்த வேலை என்று யாரும் விதிக்கவில்லை. அதற்காக அவர்களுக்கு வலியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம், முதுகும் கண்ணும் அங்கேயும் தேய்கின்றன.

தோள்

கால் அசைய வேண்டும், தோள் அடங்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதிப் பலன்தான்.

கழுத்திலிருந்து தோள் வரை படர்ந்த ட்ரபீசியஸ் தசைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் தூக்காமல், கையைக்கூட அசைக்காமல், மனக்கணக்கு மட்டும் போட்டாலும் அது இறுகும். மின்முனை ஒட்டி அளந்தால் எண்ணாகவே தெரியும். அதற்குள் இருக்கும் சின்ன இழைகள்தான் முதலில் வேலைக்கு வரும், எல்லாம் முடிந்த பிறகுதான் ஓயும். கூட்டுக் குடும்பத்தில் வெடியால முதலில் எழுந்து ராத்திரி கடைசியில் படுக்கிற மருமகள் மாதிரி. சுவீடன் ஆய்வாளர் ஒருவர் 1991இல் இதற்கு வைத்த பெயரும் ஏறக்குறைய அதுதான்: சிண்டரெல்லா கருதுகோள். பெரிய சுமை இல்லையே, பின் ஏன் வலி என்று கேட்கிறவர்களுக்கு அது தரும் விளக்கம், சுமை சின்னது, ஓய்வுதான் இல்லை.

ஓய்வு கொடுக்கும் வழி சுற்றுவழி. நேராக "தளர்ந்து போ" என்றால் தசை கேட்காது. முதலில் இன்னும் இறுக்க வேண்டும். இரண்டு தோளையும் காதைத் தொடுவதுபோல உயர்த்தி 5 நொடி வைத்து, மூட்டையை இறக்குவதுபோல ஒரேயடியாக விடுங்கள். விட்ட பிறகு 10 நொடி எதுவும் செய்யாதீர்கள். இந்த 10 நொடிதான் மருந்து, அவசரத்தில் எல்லோரும் விழுங்குவதும் இதைத்தான். 3 தடவை, அரை மணிக்கு ஒருமுறை. இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே உருவாக்கிவிட்டார்.

கழுத்தை வட்டமாகச் சுழற்றிச் சொடுக்கெடுப்பதை விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம். மவுஸ் தள்ளி இருந்தால் கை நீண்டு தோள் மறுபடியும் ஏறும். முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்படி மவுஸைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இடிக்கிற அந்த நிமிடத்தில்

நெருக்கடியின் உச்சத்தில் காலை ஆட்டுவதோ பெடலோ வேண்டாம், கவனம் இரண்டாகப் பிரியும். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் தெரியாமலே மூச்சைப் பிடித்து வைத்திருப்பார்கள். மூக்கால் இழுங்கள், நிறைந்ததும் இன்னொரு சின்ன இழுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு வாயால் நீளமாக விடுங்கள். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 5 தடவை போதும். வெளிமூச்சின்போது துடிப்பு இயல்பாகவே குறையும். அதை நீட்டுவதைத் தவிர இதில் வேறு வித்தை இல்லை. தலை கிறுகிறுத்தால் வேகமாகச் செய்கிறீர்கள்.

திட்டு வாங்கிய ஃபோனை வைத்த பிறகுதான் காலுக்கு வேலை. கார்டிசோல் ஏறிக்கொண்டிருப்பது அப்போதுதான். காலில் வெந்நீர் ஊற்றியதுபோல உடனே அடுத்த வேலைக்குப் பறக்காமல், 5 நிமிடம் எழுந்து நடங்கள். முடியாவிட்டால் பெடல்.

எழுந்து நடப்பது பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட சின்ன ஆய்வு உண்டு. அதிலும் 11 பேர்தான். அரை மணிக்கு 5 நிமிடம் நடந்தபோது மட்டுமே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இரண்டும் குறைந்தன. ரத்த அழுத்தம் மட்டும் என்றால் எந்த அளவு நடையிலும் 4, 5 புள்ளி இறங்கியது. ஒரு மணிக்கு 1 நிமிடம் என்ற அளவைத் தவிர மற்றவற்றில் களைப்பும் குறைந்தது. அரை மணிக்கு 5 நிமிடம் எழுந்தால் எந்த அலுவலகத்தில் விடுவார்கள் என்பது நியாயமான கேள்வி. அதனால் தந்திரம் வேண்டும். 2 லிட்டர் பாட்டிலை மேசையில் வைக்காமல் 200 மில்லி டம்ளர் வையுங்கள், தீரத் தீர எழுந்தாக வேண்டும். டீயைச் சீட்டுக்கு வரவழைக்காமல் பேக்கரிக்கு நடந்து போங்கள். 300 மீட்டருக்கு வண்டி எடுப்பதும், டீயோடு தினமும் ஒரு பப்ஸ் சேர்வதும் கணக்கில் வராத செலவு. கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 நொடிப் பார்வை. கோவையில் மேற்குப் பக்கம் ஜன்னல் கிடைத்தவர்களுக்கு மலையே இருக்கிறது.

நாளில் எங்கே பொருத்துவது

திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு ஒரு விசேஷச் சிக்கல். ஜெர்மனியில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிட்டு உட்காரும்போதுதான் சரக்கு வாங்கும் பையரின் மெயில் வரிசை கட்டும். உண்ட மயக்கமும் மனநெருக்கடியும் ஒரே வேளையில். பெடலை அந்த 1.30 முதல் 2.30க்குள் ஒரு 15 நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். படிக்க மட்டும் செய்யுங்கள், பதில் அடிப்பது மிதித்து முடித்த பிறகு.

ஜிஎஸ்டி வேலைக்காரர்களுக்கு விற்பனைக் கணக்குத் தாக்கலுக்கான 11ஆம் தேதியும் 3பிக்கான 20ஆம் தேதியும் முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களில் புதுப் பழக்கம் எதையும் தொடங்காதீர்கள். மாதத்தின் 22, 23 வாக்கில் தொடங்கினால் அடுத்த நெருக்கடிக்குள் கால் தானாகவே பழகியிருக்கும். போர்ட்டல் சுற்றும் நேரம், ஓடிபி வரும் நேரம், கரண்ட் போய் யுபிஎஸ் கத்தும் நேரம், இவைதான் குதிகால் தூக்கலுக்கு. தனியாக நேரம் ஒதுக்கினால் 4 நாளில் விட்டுப்போகும். காத்திருப்போடு கோர்த்துவிட்டால் நிற்கும்.

யாருக்கு வேண்டாம்

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டையில் வலி இருந்தால் அசைக்கவோ தைலம் தேய்க்கவோ கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் கர்ப்பிணிகளும் பெடலுக்கு முன் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்க வேண்டும். நெடுநாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு செய்யாமல் மென்மையான செருப்போடு செய்யுங்கள், மாலையில் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதையும் மூச்சடக்கி இறுக்கக் கூடாது, தோள் தூக்கும்போதுகூட மூச்சு ஓடட்டும். நெஞ்சில் பாரம் தோன்றினால் பெடலையும் கணக்கையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஸ்மார்ட் வாட்ச் உதவாது. மிதித்தால் துடிப்பு ஏறத்தான் செய்யும், வாட்ச் அதையும் டென்ஷன் கணக்கில் எழுதிவிடக்கூடும். ஒரு துண்டுச் சீட்டு போதும். தோள் இறுக்கத்துக்குப் 10க்கு எத்தனை என்று பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் குறியுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல், அடுத்த 2 வாரம் செய்துகொண்டே. மாலை எண் இறங்கவே இல்லை என்றால் அசைவைக் கூட்டாதீர்கள், திரையின் உயரத்தைப் பாருங்கள். லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்துக் குனிந்து பார்க்கிறவருக்கு எத்தனை மிதித்தாலும் கழுத்து விடாது. அதே நாட்டுச் செங்கல் இரண்டைத் துணி சுற்றி அடியில் வைத்து, தனிக் கீபோர்டு மாட்டி, மறுபடி ஒரு வாரம் எண்ணைக் குறியுங்கள்.